ஆண்டின் சிறந்த மூலை

ஒரு மனிதன் கடைக்குப் போய்ப் பிடித்த கேமராவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை. எங்கள் ஊரில் மட்டும் அதற்கு ஒரு பேரவை இருந்தது. முழுப்பெயர் ஒளிப்பட ஆர்வலர் பேரவை. அந்தப் பெயரை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நான் கூட்டிச் சொல்வதற்கு அவர்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கேமரா வேண்டும் என்றவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க இருட்டுப் பொந்துக்குள் தொங்கிக்கொண்டு கிரீஸில் கை வைக்கிற வேலை. வெளிச்சத்தில் செய்கிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் பூனை, மேகம், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி என்று எதையாவது எடுக்கலாம். அவசரமில்லாத ஆசைதான். என் மனைவியின் காதுக்குக் கீழே கட்டி வந்த பிறகு அது அவசரமாகிவிட்டது.

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கிருந்து புறப்படும் என்று மைக்கில் சொல்பவள். ஒரு முறை ஓர் ஓட்டுநர் தன் வண்டி என்று நினைத்து வேறொரு வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகித் திருகிப் பார்த்ததை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். மைக்கை அணைக்க மறந்து சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே நிலையம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும், ஈறு தெரியும், கன்னங்கள் காதுவரை ஏறும். நான் அவளைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "கட்டியை எடுத்தே ஆகணும்மா. முகத்தை அசைக்கிற நரம்பு அதுக்குள்ளதான் ஓடுது. காப்பாத்தத்தான் பார்ப்போம். முடியலேன்னா, சிரிப்பு ஒரு பக்கமா மட்டும்தான் வரும்."

அடுத்த மாதக் கடைசியில் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். வெளியே வந்ததும் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், முகம் முழுசா இருக்கும்போதே ஒரு படம் எடுத்துடுடா. போன்ல வேண்டாம். போன்ல எடுத்தா என் மூக்குதான் முதல்ல வந்து நிக்குது. நல்ல கேமரா ஒண்ணு வாங்கு. நான் சிரிக்கிறப்ப எடு. சட்டம் போட்டு மாட்டிக்கலாம்."

"ஸ்டுடியோவுக்குப் போலாமே அக்கா?"

"ஸ்டுடியோக்காரர் சிரிங்கன்னு சொன்னா எனக்கு அழுகைதான்டா வரும்."

மறுநாளே கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"பேரவையில பரிந்துரை வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க? சும்மா ஆசைக்குப் படம் எடுக்கத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தருக்குக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துட்டேன். சந்தோஷமாத்தான் போனாரு. மறுநாள் பேரவைக்காரங்க கண்ணுல பட்டுட்டாரு. 'இது கேமராவே இல்ல, பொம்மை'ன்னு சொல்லிட்டாங்க. மனுஷன் இங்க வந்து உட்கார்ந்து அழுதாரு. அதுக்கப்புறம் அவரு நிலாவைக்கூட நிமிர்ந்து பார்க்கிறதில்லையாம். எனக்கு எதுக்குங்க அந்தப் பாவம்?"

பேரவை ஒரு மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்தவுடன் குளிர்ந்தது. கேமராக்களுக்காகக் குளிரூட்டியிருந்தார்கள், நாற்காலிகள் இருந்த பக்கம் வேர்த்தது. சுவரோரம் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுக்குள் கேமராக்கள். பாதிக்கு மேல் அட்டைப்பெட்டியை விட்டே வெளியே வராதவை. வெளியே வந்தவற்றைக் கையுறை போட்டவர்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் பெரிய பெரிய படங்கள். என் மச்சான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். செங்கல் சுவர். இன்னொரு செங்கல் சுவர். ஒட்டி வைத்த செய்தித்தாள். மறுபடியும் செங்கல் சுவர்.

"மனுஷங்க படம் ஒண்ணும் இல்லையா?" என்று அப்பாவியாகக் கேட்டான்.

துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மனுஷன் அசைவான்" என்றார்.

நேர்காணலுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேரவைத் தலைவர் பல் மருத்துவர். செயலாளர் காப்பீட்டு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். மூன்றாவது ஆள் மூலைக் குழுவின் தலைவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்ததால் எல்லோரும் அவரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். மூலைக் குழு என்றால் என்ன என்று பிறகுதான் புரிந்தது. ஒரு படம் எடுத்தால் அதன் நடுப்பகுதி எந்த மட்டமான கேமராவிலும் தெளிவாக வந்துவிடுமாம். தரம் தெரிவது நான்கு மூலைகளில்தானாம். ஆகவே இந்தப் பேரவையில் யாரும் எந்தப் படத்திலும் நடுவைப் பார்ப்பதில்லை. பார்ப்பது அநாகரிகம்.

"எந்தக் கேமரா வாங்கலாம்னு கேட்டுட்டுப் போக வந்தோம்" என்றான் மச்சான்.

செயலாளர் முகத்தைச் சுளித்தார். "கேமராங்கிறது கடைத்தெருப் பேச்சு. இங்க உடம்புன்னுதான் சொல்லணும். முன்னாடி மாட்டுறது கண்ணாடி. சரி, எதுக்கு உடம்பு?"

"எங்க அக்கா சிரிக்கிறதைப் படம் எடுக்கத்தாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பொதுவிடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. தலைவர்தான் முதலில் தேறினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எதை எடுக்கப் போறோம்னு யோசிக்கிறவன் உடம்பைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. முதல்ல உடம்பு, அப்புறம் கண்ணாடி, அப்புறம் அதைவிட நல்ல உடம்பு. இப்படியே போயிட்டே இருக்கணும். நானே எடுத்துக்காட்டு. சின்ன வயசுல ஆரம்பிச்சேன், இன்னும் தேர்ந்தெடுத்துட்டுதான் இருக்கேன். சிரிப்புங்கிறீங்க. நாள் முழுக்க எத்தனையோ பேர் வாயைப் பார்க்கிறவன் நான். சொல்றேன் கேளுங்க, உள்ள ஒண்ணும் இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. எழுந்து வந்துவிடலாம் என்று மச்சானின் முழங்கையை இடித்தேன். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். படித்தவர்கள் இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்கிறார்களே, அதில் ஏதோ இருக்கும் என்று நினைக்கிற சாதுவான பிறவி அவன். லிஃப்டில் ஒரு கம்பி தவறினால் ஆள் போய்விடும் என்பதால், எதையும் விதிப்படி செய்து பழகியவன். அந்தப் பழக்கம்தான் அவனைக் கவிழ்த்தது.

முதல் கட்டம் வெறுங்கைப் பயிற்சி. கேமராவைத் தொடத் தகுதி வரும்வரை கேமரா இல்லாமலே பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சாயங்காலமானால் அந்த மாடியில் வளர்ந்த ஆண்கள் வரிசையாக நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி, காற்றில் விரலை அழுத்துவார்கள். செயலாளர் ஒவ்வொருவராகப் பார்த்துத் திருத்துவார். "பிடி தளருது", "மூச்சு விட்டுட்டீங்க" என்பார். பல வருஷமாக அதையே செய்துகொண்டிருந்த ஓர் உறுப்பினர் இருந்தார். அவருக்குக் கேமரா வாங்கும் எண்ணமே போய்விட்டதாம். வெறுங்கையில் எடுக்கும் படத்தில் மூலை மங்குவதே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். பேரவையில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது. எனக்குப் பயமாகிவிட்டது.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. கனத்துக்குப் பழக வேண்டும் என்று மச்சான் ஒரு செங்கல்லைத் துண்டில் சுற்றிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் காலையில், பல் விளக்கிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்த என் மனைவி அவனைப் பார்த்தாள்.

"என்னடா பண்ற?"

"மூச்சை அடக்குறேன்" என்றான் அவன் மூச்சை விடாமல்.

அவ்வளவுதான். நுரையோடு அவள் சிரித்த சிரிப்பில் கண் காணாமல் போயிற்று, ஈறு தெரிந்தது, கன்னங்கள் காதுவரை ஏறின. நேர் எதிரே அவன் நின்றான், கையில் செங்கல். உன் கையில் போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தபோது பேரவை ஒரு மாடலைப் பரிந்துரைத்தது. மச்சானும் நானும் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் அலமாரியைத் திறக்கச் சாவியைக்கூட எடுக்கவில்லை, அதற்குள் பேரவையிலிருந்து போன் வந்துவிட்டது. அன்று காலைதான் அதே நிறுவனம் புது மாடலை அறிவித்திருந்தது. பழைய பரிந்துரை செல்லாது.

மறுபடி மாடிக்கு ஓடினோம். அங்கே விளக்குகளைக் குறைத்து, எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் பழைய மாடல், கறுப்புத் துணியின் மீது. நேற்றுவரை அதைப்போல ஒன்று உலகில் இல்லை என்று சொன்ன பூதக்கண்ணாடி இப்போது அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பொத்தியிருந்தார்.

"அதே கேமராவையே வாங்கிக்கிறேங்க. நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் மச்சான்.

"நேத்து நல்லா இருந்துச்சு" என்றார் செயலாளர். "புதுசோட மதிப்புரை வரட்டும். மூலை எப்படின்னு தெரியாம எதுவும் சொல்ல முடியாது."

"காத்திருக்க முடியாதுங்க. அக்காவுக்கு உடம்பு சரியில்ல."

"எந்த உடம்பு? பழைய மாடலா?"

என் கை தானாக மடங்கியது. பல் மருத்துவரைப் பல்லிலேயே ஒன்று போடலாம் என்று தோன்றியது. பேசியவர் அவரில்லை என்றாலும் பொருத்தமாக இருந்திருக்கும். மச்சான் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனான். அவன் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கட்டி, நரம்பு, டாக்டர் சொன்னது, தேதி எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் கண் கலங்கிவிட்டது.

தலைவர் மனமிரங்கினார். "சரி, அவசரக் களச்சோதனை ஒண்ணு வெச்சுக்கலாம். எங்ககிட்ட மாதிரிக்கு வந்த புது உடம்பு இருக்கு. நாங்களே உங்க வீட்டுக்குக் கொண்டுவர்றோம். நீங்க எடுங்க, நாங்க மூலையைப் பார்க்கிறோம். உங்க வீட்ல செங்கல் சுவர் இருக்கா?"

பின்கட்டில் பூசாத செங்கல் சுவர் ஒன்று இருந்தது. அது இருந்ததால்தான் வந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் மூன்று பேரும் கேமராவோடு வந்து இறங்கினார்கள். என் மனைவி தலைவாரி, பிடித்த நீலச்சட்டை போட்டுக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். யாரும் அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. சுவருக்குத்தான் முதல் மரியாதை. பூதக்கண்ணாடி செங்கல்லைத் தடவிப் பார்த்து, "அருமையான சொரசொரப்பு" என்றார். பிறகு அவளை நடுவில் நிற்கச் சொன்னார். நடு என்பது யாரும் பார்க்காத இடம் என்பதால், அங்கே அவள் நிற்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

"அம்மா, அசையாம நில்லுங்க. முக்கியமா, மூலைப் பக்கம் கையை நீட்டிடாதீங்க" என்றார் செயலாளர்.

மச்சானின் கையில் முதல்முறையாக நிஜமான கேமரா. முழங்கையை ஒட்டினான். மூச்சை அடக்கினான். அவள் முகம் இறுகிப்போயிருந்தது. மறுநாளை நினைத்திருப்பாள்.

அப்போது கீழ் மூலையில் ஒரு செங்கல்லில் இருப்பது பாசியா கறையா என்று சச்சரவு வந்தது. கறையென்றால் சோதனை செல்லும், பாசியென்றால் அது உயிருள்ளது, அசையலாம். பூதக்கண்ணாடி தரையில் குப்புறப் படுத்துவிட்டார். செயலாளர் அவர்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். தலைவர் இரண்டு பேருக்கும் நடுவில் மண்டியிட்டு, பல்லைப் பார்க்கிற சின்ன டார்ச்சை அடித்தார். கடைசியில் பூதக்கண்ணாடி நாக்கை நீட்டி அந்தச் செங்கல்லை நக்கிப் பார்த்து, "கறைதான்" என்று அறிவித்தார்.

என் மனைவி சிரித்தாள். பேருந்து நிலையத்தில் மைக்கில் சிரித்த அதே சிரிப்பு. கண் போயிற்று, ஈறு வந்தது, கன்னங்கள் ஏறின. ஒரு கை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மச்சான் விரலை அழுத்தினான்.

கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு படத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்கள் கல்யாண நாளும் முதல் சண்டையும் பேருந்து நிலையமும் எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. மூன்றாவது விநாடி செயலாளர் கேமராவைப் பிடுங்கிக்கொண்டார்.

"மதிப்பீடு முடியாம படத்தைப் பார்க்கக்கூடாது. திரையில பார்த்ததே தப்பு."

"ஒரே ஒரு காப்பி கொடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஆபரேஷன்ங்க."

"படம் எங்க போகப்போகுது? சோதனைப் படம் பேரவையோட சொத்து. பத்திரமா இருக்கும்" என்றார் தலைவர். போகும்போது மூவரும் சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஆபரேஷனுக்குப் போகும்போது அவள் தைரியமாகத்தான் இருந்தாள். "படம் கிடைச்சிடுச்சில்ல? இனி என்ன ஆனாலும் பரவாயில்ல" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள். கட்டி போயிற்று. நரம்பும் போயிற்று. இடது பக்கம் உதடு ஏறவில்லை, இடது கண் சரியாக மூடவில்லை. டாக்டர் தலைகுனிந்து சொன்னார். அவர் பார்த்த வேலைக்கு அவர் தலைகுனிந்தார். உலகத்தில் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மச்சான் பேரவைக்கு நடையாய் நடந்தான். மதிப்பீடு நடக்கிறது, மதிப்பீடு நடக்கிறது என்றே பதில் வந்தது. கடைசியில் செயலாளரே போன் செய்து மகிழ்ச்சியோடு சொன்னார்: படம் பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறது. ஆண்டு விழாவில் பெரிதாக அச்சிட்டுத் திறந்து வைக்கிறோம். குடும்பத்தோடு வரவும்.

என் மனைவி அதே நீலச்சட்டையைப் போட்டுக்கொண்டாள். வெளியில் போவதையே நிறுத்தியிருந்தவள் அன்று தானாகக் கிளம்பினாள். காதுக்குக் கீழே தழும்பு தெரியாமல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். "பார்த்துட்டு வந்துடலாம். நான் எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்துடும் போல" என்றாள்.

அரங்கு நிறைந்திருந்தது. எல்லோர் கழுத்திலும் கேமரா. மேடையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு படம், திரைபோட்டு மூடியிருந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"என் மக கல்யாணத்துக்கு என்கிட்ட இருந்த உடம்பு அத்தனையையும் கொண்டுபோனேன். மண்டபத்துல ஒரு தூண் அமைஞ்சுது. அப்படியொரு தூண்! விடியுற வரைக்கும் எடுத்தேன். மாப்பிள்ளை எப்படி இருப்பாருன்னு இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அந்தத் தூணோட ஓரம் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்படி ஒரு தவத்தைத்தான் இன்னைக்கு ஒரு புது உறுப்பினர் செஞ்சிருக்காரு. ஆண்டின் சிறந்த மூலை!"

திரை விலகியது. செங்கல். நாலைந்து செங்கற்களும் ஒரு கறையும், ஆளுயரத்துக்கு மேல், துல்லியமாக. கைதட்டல் அடங்கவில்லை.

மச்சான் மேடையேறிப் படத்தின் பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தான். "எங்க அக்கா எங்க?" என்று கேட்டான். யாருக்கும் கேள்வி விளங்கவில்லை. மறுபடி கத்தினான். "நடுவுல இருந்தாளே, எங்க அக்கா எங்க?"

"ஓ, அதுவா?" என்றார் செயலாளர். "மூலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை அழிச்சிடுவோம். நடுப்பகுதி வீணா இடத்தை அடைக்கும். விதியே அப்படித்தான்."

"அந்தம்மா முடி ஒண்ணு பறந்து மூலைக்குள்ள வந்திருந்துச்சு" என்றார் பூதக்கண்ணாடி, ஆறுதல் சொல்கிற குரலில். "கவலைப்படாதீங்க. நானே உட்கார்ந்து அதையும் எடுத்துட்டேன்."

அதற்குள் கூட்டம் மேடைக்கு வந்துவிட்டது. எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்கல் படத்தையே படமெடுக்க முண்டியடித்தார்கள், அதிலும் அதன் மூலையை. தம்பியைத் தேடி மேடையேறிய என் மனைவி படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். யாரோ ஒருவர், "அம்மா, கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றார். அவள் நகர்ந்தாள்.

தம்பி அவள் முன்னால் வந்து நின்றான். அவள் அந்தச் செங்கல்லைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், நக்கியவரைப் பார்த்தாள்.

"விடுடா" என்றாள். "அடுத்த தடவை நான் மூலையில நின்னுக்கிறேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். வலது கன்னம் காதுவரை ஏறியது. இடது கன்னம் அப்படியே கிடந்தது, மூடாத அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகத்தில் பாதிதான் வந்தது. சத்தம் மட்டும் முழுதாக இருந்தது. அத்தனை கேமராக்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மச்சானின் கைகள் தாமாக உயர்ந்தன. முழங்கைகள் விலாவோடு ஒட்டின. மூச்சை அடக்கி, அவள் முகத்துக்கு நேரே, காற்றில் விரலை அழுத்தினான்.

பக்கத்தில் நின்ற செயலாளர் அவன் கைகளைக் கவனித்துப் பார்த்துவிட்டு, திருப்தியோடு தலையசைத்தார்.

"பிடி பிரமாதம்" என்றார்.